கண்ணுக்கு டிங்கரிங், பெயின்டிங்!

கண்ணின் நிறத்தை நிரந்தரமாக மாற்றிக்கொள்ளும் ஆபரேஷனுக்கு யாரெல்லாம் லாயக்கில்லை? இந்தத் தொழிலில் இருக்கும் கிளினிக்குகள் ஒவ்வொன்றும் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. எதை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். க்ளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தவர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். கண் வறட்சிக்காரர்கள். கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு வரும் 'கெரட்டோகோனஸ்' உள்ளவர்கள். கண்ணில் ஹெர்பிஸ் வந்து போனவர்கள். கண்ணுக்குள் அழற்சி வந்து போனவர்கள். முடக்குவாதம், லூபஸ் போன்ற வியாதிக்காரர்கள். விழித்திரையில் கோளாறு இருப்பவர்கள். சமீபத்தில் லேசிக் செய்துகொண்டவர்கள். ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்கள். கடைசியாக, 'எதார்த்தமில்லாத எதிர்பார்ப்பு' உள்ளவர்கள்.

படித்து முடித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? 'அடடா, எவ்வளவு பொறுப்பாக இருக்காங்க! வர்றவங்களை எல்லாம் பிடிச்சுப் போட்டு அறுக்காம, வடிகட்டித்தான் எடுக்கறாங்க' என்று தோன்றும். அடுத்த நொடியே இன்னொன்றும் தோன்றும். 'எனக்குச் சர்க்கரை இல்லை, க்ளாக்கோமா இல்லை, நான் கர்ப்பமாகவும் இல்லை. அப்படின்னா நான் பாஸ்!'

அந்தப் பட்டியல் எழுதப்பட்டதே இந்த இரண்டாவது நினைப்புக்காகத்தான் என்பது என் சந்தேகம். பேங்க்கில் லோன் கேட்டுப் போகிறவனுக்கு 'யாருக்கெல்லாம் கிடையாது' என்று ஒரு நீண்ட லிஸ்ட்டைக் காட்டினால், அதில் தன் பெயர் இல்லாத சந்தோஷத்தில் வட்டி எவ்வளவு என்று கேட்க மறந்துவிடுவான். 

காமர்ஸ் படித்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கம்பெனியின் ஐந்தொகையைக் கையில் கொடுத்தால், பளபள அட்டையையும் சேர்மன் சிரிக்கிற போட்டோவையும் தாண்டி, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக் குறிப்புகளுக்குத்தான் முதலில் போவோம். கோர்ட்டில் நிற்கும் கேஸ், நாளைக்கு வெடிக்கப் போகும் கடன் எல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும். இந்தப் பட்டியலையும் அப்படிப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரி. ஆனால், எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. அது என்ன வரி என்பதற்கு முன்னால், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

*

ஒரு கைக்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடி, உள்ளே டயல். கண்ணில் அந்தக் கண்ணாடிதான் கார்னியா. நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். டயல், ஐரிஸ். டயலின் நடுவே இருக்கும் ஓட்டை, பாப்பா. கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தின் ஆழம் மொத்தமே மூன்று மில்லிமீட்டர்தான். திரவம் வெளியேறுவதற்கு ஓரத்தில், கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில், சல்லடை போட்ட சாக்கடை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு சாகும். செத்த நரம்பு திரும்பி வராது. க்ளாக்கோமா என்பது இதுதான்.

நிறம் எங்கே இருக்கிறது? ஐரிஸில். அதில் மெலனின் நிறைய இருந்தால் பழுப்பு, கறுப்பு. குறைவாக இருந்தால் பச்சை, நீலம். ஒரு வேடிக்கை தெரியுமா? நீலக் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. வானத்துக்கு எப்படி வெளிச்சம் சிதறி நீலம் வருகிறதோ, ஏறக்குறைய அதே சங்கதிதான் அங்கேயும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் ஐபெர்க் குழுவினர் 2008-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வருஷங்களுக்கு முன்னால் ஒரே ஒரு மனிதருக்கு வந்த மரபணு மாற்றம்தான் நீலக் கண்கள் அத்தனைக்கும் மூலம் என்றார்கள். அதாவது, மெலனின் குழாயைக் கொஞ்சம் இறுக்கி மூடிய ஒரு மாற்றம். ஒரு குறைச்சலைத்தான் உலகம் கூடுதல் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறது!

இந்த நிறத்தை மாற்ற இதுவரை மூன்று வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் வழி, டயலுக்கு மேலே இன்னொரு டயல் வைப்பது. நீலமோ பச்சையோ பூசிய சிலிக்கான் வட்டத்தை மடித்து உள்ளே செருகி, ஐரிஸ் மேல் விரித்து விடுவார்கள். 2000-களில் பனாமாவில் 'நியூகலர்ஐரிஸ்' என்ற பெயரில் இது பிரபலமானது. பின்னால் 'பிரைட்ஆக்குலர்' என்று இன்னொன்று வந்தது. அமெரிக்காவின் எப்.டி.ஏ. அழகுக்காக இதை வைக்க அனுமதி தரவில்லை. எனவே, அமெரிக்கர்கள் பிளேன் ஏறி வெளிநாடு போய் வைத்துக்கொண்டு வந்தார்கள். பதினைந்து நிமிஷ வேலை என்று விளம்பரம். மூன்று மில்லிமீட்டர் அறைக்குள் ஒரு அந்நியப் பொருள் உட்கார்ந்துகொண்டு, கண்ணைச் சிமிட்டும்போதும் திருப்பும்போதும் உரசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சாக்கடை அடைபடும். ஐரிஸ் புண்ணாகும். கார்னியாவின் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக இருக்கும் செல்கள் உதிரும். அவை முடி, நகம் மாதிரி மறுபடி முளைக்கும் ஜாதி இல்லை. போனது போனதுதான். 2012-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் பதினான்கு கண்களில் கண்ட கடுமையான சிக்கல்களை மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் வேறு பலர் எழுதினார்கள். நீலக் கண்ணோடு ஊர் திரும்பியவர்கள், அதைக் கழற்றச் சொல்லி உள்ளூர் டாக்டரிடம் போய் நின்ற கதைகள்தான் அவற்றில் நிறைய. சிலருக்குக் கழற்றியும் பிரயோஜனம் இல்லை. கார்னியா மாற்று ஆபரேஷன் வரை போனார்கள்.

இரண்டாவது வழி, லேசர். கலிபோர்னியாவில் கிரெக் ஹோமர் என்பவர், டாக்டர் அல்ல, முன்னாள் வக்கீல், 'ஸ்ட்ரோமா' என்ற கம்பெனி வைத்து 2011-லேயே செய்தியில் அடிபட்டார். பழுப்பு நிறத்துக்கு அடியில் எல்லோருக்கும் நீலம்தான் இருக்கிறது, மேலே இருக்கும் மெலனினை லேசரால் தட்டிவிட்டால் போதும், இருபது செகண்ட் வேலை, ஐயாயிரம் டாலர் என்று கணக்குச் சொன்னார். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! சுவரில் சுண்ணாம்பு சுரண்டுகிற மாதிரி. சுரண்டிய சுண்ணாம்பு எங்கே போகும் என்பதுதான் கண் டாக்டர்கள் கேட்ட கேள்வி. இயற்கையாகவே சிலருக்கு ஐரிஸிலிருந்து நிறமித் துகள்கள் உதிர்ந்து, அந்த ஓரத்துச் சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டு க்ளாக்கோமா வருவதுண்டு. மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. வியாதி செய்கிற வேலையை வேண்டுமென்றே காசு கொடுத்துச் செய்துகொள்வானேன்? தவிர, இது ஒருவழிப் பாதை. நீலம் பிடிக்கவில்லை, பழையபடி பழுப்பு வேணும் என்றால் மெலனினைத் திருப்பி ஒட்ட முடியாது.

மூன்றாவதுதான் இப்போது சூடாக ஓடிக்கொண்டிருப்பது. கெரட்டோபிக்மென்டேஷன். வாயில் நுழையாவிட்டால் 'கண்ணில் பச்சை குத்துவது' என்று வைத்துக்கொள்ளுங்கள். டயலைத் தொடுவதில்லை. கண்ணாடிக்குள்ளேயே, அந்த அரை மில்லிமீட்டர் கார்னியாவுக்குள், லேசரால் வளையமாக ஒரு சுரங்கம் தோண்டி, சாயத்தைச் செலுத்துகிறார்கள். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க், அமெரிக்காவில் நியூயார்க் என்று பல ஊர்களில் நடக்கிறது. நியூயார்க்கில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 12,000 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மூன்றில் இது பரவாயில்லை ரகம். கண்ணுக்குள்ளே எதுவும் போவதில்லை. செய்துகொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். செய்கிற டாக்டர்களும் தங்கள் கணக்கைக் காட்டி, சிக்கல்கள் குறைவுதான் என்கிறார்கள். இருந்தும், அமெரிக்கக் கண் மருத்துவர்களின் பெரிய சங்கமான 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆஃப்தால்மாலஜி' 2024 ஜனவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. வெளிச்சம் பட்டால் கூசுவது, சாயம் ஒத்துக்கொள்ளாமல் வரும் அழற்சி, பாக்டீரியா அல்லது பூஞ்சைத் தொற்று, கார்னியாவில் சேதம், சாயம் கசிவது, வெளுப்பது, திட்டுத் திட்டாகப் படிவது, பார்வை இழப்பு என்று அதுவும் ஒரு பட்டியல் கொடுத்தது. 

எனக்கு உறுத்துவது வேறு கணக்கு. லேசர் வைத்து அழகுக்காக இதைச் செய்வது பரவியதே 2010-களில்தான். செய்துகொள்ள வருகிறவருக்கு வயது இருபத்தைந்து என்றால், அந்தக் கண் இன்னும் ஐம்பது வருஷம் ஓட வேண்டும். ஐம்பது வருஷம் கார்னியாவுக்குள் சாயத்தோடு வாழ்ந்த கண் ஒன்று உலகத்தில் எங்கே இருக்கிறது, எடுத்துப் பார்க்க? அறுபது வயதில் அவருக்கும் நம்மைப் போலக் கண்புரை வரும். விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டிய நாள் வரும். அன்றைக்கு டாக்டர், சாயம் பூசிய ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இருட்டில் பாப்பா தானாக விரியும். சாய வளையத்தின் ஓட்டை விரியாது. ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

*

இப்போது அந்த விடுபட்ட வரிக்கு வரலாம். பட்டியலின் உச்சியில் இப்படி இருந்திருக்க வேண்டும்: 'இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவர்கள்.'

ஏன்? கண்புரை ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ரிஸ்க் உண்டு. ஆயிரத்தில் ஒருத்தருக்கோ என்னமோ ஏதாவது ஆகலாம். ஆனால், மங்கிப்போன கண் தெளியும் என்பது வரவுப் பக்கத்தில் பெரிதாக நிற்கிறது. பற்றுப் பக்கத்தில் என்ன இருந்தாலும் தட்டு தாழ்ந்துவிடுகிறது. நிறம் மாற்றும் ஆபரேஷனில் பார்வையின் வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? மிகத் திறமையான டாக்டர், மிக நல்ல மெஷின், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து வந்தாலும் பார்வை இருந்தபடியே இருக்கும். அதுதான் உச்சபட்ச லாபம்! வரவு பூஜ்ஜியம். நஷ்டத்துக்கு மட்டும் எல்லை கிடையாது. இப்படி ஒரு பிசினஸுக்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போட மாட்டான்.

ஆகவே, அந்தப் பட்டியல் தலைகீழாக நிற்கிறது. 'உங்கள் கண்ணில் வியாதி இருக்கிறதா? அப்ப வராதீங்க. கண் முழு ஆரோக்கியமா? வாங்க வாங்க!' என்கிறது. வைத்தியசாலை என்றால் வியாதிக்காரன் உள்ளே, ஆரோக்கியமானவன் வெளியே என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தகுதியைத் தீர்மானிப்பது யார் என்பது இன்னொரு கூத்து. ஃபீஸ் வாங்கப் போகிறவரேதான் பரீட்சை வைக்கிறவரும். ஃபெயில் போட்டால் பத்து லட்சம் வாசலோடு போய்விடும். மனசாட்சியுள்ள டாக்டர் ஃபெயில் போடுவார், சந்தேகமில்லை. ஆனால், மனசாட்சியை நம்பி நடக்கிற பரீட்சைக்கு நாம் வேறு இடங்களில் என்ன பெயர் வைப்போம் என்பது உங்களுக்கே தெரியும். ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிட்டாலோ, பட்டியல் கேடயமாகிவிடும். 'உங்க பாட்டிக்கு க்ளாக்கோமான்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?' பாட்டிக்குக் கண் மங்கியது யாருக்கு ஞாபகம் இருக்கிறது, அது க்ளாக்கோமாவா கண்புரையா என்று யார் பார்த்தது?

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் பாதாம் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். க்ளாக்கோமா பெரும்பாலும் சத்தம் போடாமல் வருகிற திருடன். பார்வையின் ஓரங்களைத் தின்ற பிறகுதான் தெரியவே தெரியும். கெரட்டோகோனஸ், வெள்ளைக்காரர்களைவிடத் தெற்காசியர்களிடம் அதிகம். கண்ணின் அந்த ஓரத்து மூலை இயல்பிலேயே குறுகலாக இருப்பதும் ஆசியர்களிடம்தான் அதிகம். கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்து கண் வறண்டு போனவர்களைக் கேட்கவே வேண்டாம், சென்னையிலும் பெங்களூரிலும் தடுக்கி விழுந்தால் அவர்கள்தான். பட்டியலை ஒழுங்காக அமல்படுத்தினால், கடைக்கு வெளியே வைத்த பெஞ்சில் ஈதான் உட்காரும்.

*

பட்டியலின் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா? 'எதார்த்தமில்லாத எதிர்பார்ப்பு உள்ளவர்கள்.' எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஒழுங்காகத் தெரிகிற கண்ணில் லேசர் சுரங்கம் தோண்டி நீலம் நிரப்பினால் வாழ்க்கை மாறிவிடும் என்று நம்பி ஒருத்தர் வருகிறார். அவரை உட்காரவைத்து, 'உங்க எதிர்பார்ப்பு எதார்த்தமா இருக்கா?' என்று கேட்கிறார்கள். அவர் என்ன சொல்வார்? 'ஆமாம்' என்பார். அவ்வளவுதான், டிக் அடித்தாயிற்று.

இந்த இடத்தில் ஒரு நாவலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டோனி மாரிசன், பின்னால் 1993-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர். அவருடைய முதல் நாவல் 'தி ப்ளூயஸ்ட் ஐ', 1970-ல் வந்தது. 1940-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு ஏழைக் கறுப்பினச் சிறுமி, பெயர் பெக்கோலா. வீட்டில் அடி, பள்ளியில் கேலி, தெருவில் அருவருப்பு. தனக்கு மட்டும் நீலக் கண்கள் இருந்தால் எல்லோரும் தன்னிடம் அன்பாக இருப்பார்கள் என்று அவள் நம்புகிறாள். ராத்திரி ராத்திரி கடவுளிடம் கேட்கிறாள். கடைசியில் ஒரு போலிச் சாமியாரிடம் போகிறாள். அவன் ஏதோ தந்திரம் செய்து அனுப்பிவிடுகிறான். அதற்குள் அவள் மேல் விழுந்த கொடுமைகளில் மனசு பேதலித்து, தனக்கு நீலக் கண்கள் வந்துவிட்டன என்று நம்பியபடியே கதை முடிகிறது. 

அந்தப் பெண்ணை இன்றைய கிளினிக்குக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும்? வயது போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். சரி, பதினெட்டு ஆகட்டும். சர்க்கரை? இல்லை. கார்னியா தடிமன்? சரியாக இருக்கிறது. கண் அழுத்தம்? நார்மல். எதிர்பார்ப்பு? 'நீலமா இருந்தா போதுங்க.' பையில் பன்னிரண்டாயிரம் டாலர்? இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பெக்கோலா பாஸ்! கண்ணின் கொள்ளளவு, தடிமன், அழுத்தம் எல்லாவற்றையும் மைக்ரான் சுத்தமாக அளக்கிற மெஷின்கள் இருக்கின்றன. அவளை அந்த வாசல்வரை துரத்தி வந்தது எது என்று அளக்க ஒரு மெஷினும் இல்லை. அந்தப் பட்டியலில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. 1975-லிருந்து ட்யூபில் அடைத்து 'ஃபேர்' விற்ற தேசம் இது. 2020-ல்தான் அந்த க்ரீமின் பெயரிலிருந்தே அந்த வார்த்தையை எடுத்தார்கள். முகத்தைப் பார்க்கிற கண்ணாடியிலிருந்து எடுத்தார்களா என்பது வேறு விஷயம். ஒரே ஒரு ஆறுதல், கண் விஷயத்தில் தமிழ் கொஞ்சம் தப்பித்தே வந்திருக்கிறது. நம் மொழியில் அந்த உறுப்பின் பெயரே கருவிழி. மீன், மான், வண்டு, வேல் என்று நாம் கண்ணுக்குச் சொன்ன உவமைகளில் பாதி வடிவத்துக்கும் அசைவுக்கும் சொன்னவை. 'குவளை மலரைச் சொல்லவில்லையா, அது நீலம்தானே?' என்று புலவர்கள் யாராவது மடக்கலாம். ஐயா, அது கருமையை ஒட்டிய நீலம், வெள்ளைக்காரத் துரையின் நீலம் இல்லை. வெளிர் நிறக் கண்ணுக்கு நம்ம ஊரில் வைத்த பெயர் 'பூனைக்கண்'. அதில் பாராட்டைவிட சந்தேகம்தான் ஜாஸ்தி. அந்தப் பூனைக்கண் எப்போது பணம் கொடுத்து வாங்குகிற பொருளாயிற்று என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நல்லது.

'என் கண், என் காசு, உனக்கென்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காது குத்திக்கொள்கிறோம், மூக்கு குத்திக்கொள்கிறோம், கையில் பச்சை குத்திக்கொள்கிறோம். வயதுக்கு வந்தவர்கள் தங்கள் உடம்பை என்ன செய்ய வேண்டும் என்று பத்திரிகைக்காரன் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். காது ஓட்டை கழற்றிப் போட்டால் தூர்ந்துவிடும். தோலுக்குத் தன்னைத்தானே புதுப்பிக்கத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. ஆசை தாங்கவில்லை என்றால் கலர் கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது. அதையும் கண் டாக்டரிடம் அளவெடுத்து வாங்கி, கை கழுவி, குழாய்த் தண்ணீர் படாமல், ஃப்ரெண்டோடு மாற்றிப் போட்டுக்கொள்ளாமல், தூங்கும்முன் கழற்றிவிட வேண்டும். கல்யாண ரிசப்ஷனுக்கு நீலம், மறுநாள் காலை காபிக்குப் பழைய கண். கழற்ற முடிவதுதான் அதன் பெரிய அழகு.

இதில் ஒரு முரண் பாருங்கள். க்ளாக்கோமாவுக்குக் கொடுக்கும் லாட்டனோப்ராஸ்ட் என்ற சொட்டு மருந்து, சிலருக்கு ஐரிஸின் நிறத்தை நிரந்தரமாகக் கறுக்க வைத்துவிடும். மருந்துடன் வரும் தாளில் அதைப் 'பக்க விளைவு' என்று அச்சடித்திருக்கிறார்கள். டாக்டர்கள் முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். ஒரு ஊரில் பக்க விளைவு என்று பயப்படுவதை, பக்கத்து ஊரில் முக்கிய விளைவு என்று விலைக்கு விற்கிறார்கள்!

*

அப்படியானால் இந்த ஆபரேஷன் யாருக்குத்தான்?

அதற்கான பதில் மிகப் பழையது. கண்ணில் அடிபட்டோ, அம்மை வார்த்தோ, புண் வந்தோ கார்னியாவில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிடும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். பார்வையும் போய், பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கும்படி கண்ணும் வெளுத்துப்போய் நிற்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற கிரேக்க வைத்தியர் அந்த வெள்ளைக்குச் சாயமேற்றப் பார்த்ததாக மருத்துவ வரலாறு சொல்கிறது. 1869-ல் பாரீஸில் லூயி டி வெக்கர் என்ற கண் டாக்டர், ஊசியும் 'இந்தியன் இங்க்'கும் வைத்து அந்த வெள்ளைத் தழும்பில் பச்சை குத்தினார். நம் காலத்தில் ஸ்பெயினின் ஹோர்ஹே அலியோ அதை நவீனமாக்கினார். லேசர் சுரங்கம், நவீன சாயம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஐரிஸ் வைப்பதும் அப்படித்தான். பிறக்கும்போதே ஐரிஸ் இல்லாமல் பிறப்பவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் ஐரிஸ் கிழிந்து போனவர்கள் இருக்கிறார்கள். டயலே இல்லாத கடிகாரம் மாதிரி, வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் அவர்கள் படும் அவஸ்தை நமக்குத் தெரியாது. அவர்களுக்காக ஒரு ஜெர்மன் கம்பெனி செய்த செயற்கை ஐரிஸுக்கு, அதே கறார் எப்.டி.ஏ. 2018 மே மாதம் அனுமதி தந்தது. சிலிக்கானும் கெட்டதில்லை, சாயமும் கெட்டதில்லை. எந்தக் கண்ணுக்குள் போகிறது என்பதுதான் கேள்வி.

பூ விழுந்த கண்ணோடு வருகிறவர் டாக்டரிடம் என்ன நிறம் கேட்பார் என்று நினைக்கிறீர்கள்? நீலமா, பச்சையா? இல்லை. 'இன்னொரு கண் எப்படி இருக்கோ, அதே மாதிரி கறுப்பா இருந்தா போதும் டாக்டர்' என்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும் அவருக்கு. கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடுவதுதான் அவர் கேட்கும் அழகு. நல்ல கண்ணோடு வருகிறவர் கேட்பதோ, கூட்டத்தில் தனியாகத் தெரிவதை. ஊசி ஒன்று, சாயம் ஒன்று, கேட்கிற வரங்கள்தான் எதிரும் புதிருமாக இருக்கின்றன.

மதுரையில் 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி தொடங்கினார். சென்னையில் 1978-ல் சங்கர நேத்ராலயாவை டாக்டர் பத்ரிநாத் தொடங்கினார். கண் டாக்டர் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிற பழக்கம் தமிழ்நாட்டில் வந்தது இப்படிப்பட்டவர்களால். தெரியாத கண்ணைத் தெரிய வைத்ததால் வந்த மரியாதை அது. அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை, தெரிகிற கண்ணுக்குப் பெயின்ட் அடிக்கிற கடைகள் கைமாற்றாக வாங்கிக்கொள்கின்றன. திருப்பித் தருவார்களா என்பது தெரியவில்லை.

எனவே, யாராவது உங்களிடம் அந்தப் பட்டியலை நீட்டினால், வாங்கிப் பொறுமையாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியாக 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்து முடித்ததும், உச்சியில் கொஞ்சம் இடம் இருக்கும், அங்கே பேனாவால் நீங்களே அந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறதா? 

அப்ப நீங்க ஃபெயில். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.